ஆசிரியை பார்க்காத என் கால்

பருத்திப்பட்டில் வசிக்கும் எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கிறிஸ்துமஸ் குடிலுக்கான மரப் பொம்மைகளை இந்த முறை நானே செதுக்குவது என்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பண்டிகைக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஓர் ஆட்டுக்குட்டிகூட முடியவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தள்ளச் சொன்னார் ஆசிரியை. எனக்குக் கை வரவில்லை. முப்பது வருடமாக அரிவாள்மனையில் காய் நறுக்குகிறவள் நான். அதில் கத்தி அசையாமல் நிற்கும், காய்தான் நகரும். அதனால் தரையில் உட்கார்ந்து, கத்தியின் பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு, கட்டையை அதன்மேல் தள்ளினேன். வேலை விறுவிறுவென்று நடந்தது. போனில் என் முகமும், நான் தூக்கிக் காட்டும் ஆட்டுக்குட்டியும் மட்டும்தான் தெரியும்.

"அருமையா வருதும்மா" என்றார் ஆசிரியை.

இன்னும் வேகமாகத் தள்ளினேன். உருண்டைப் பிடி சட்டென்று புரண்டது. கத்தி ஆட்டின் காதைச் சீவி, என் நைட்டியைக் கிழித்து, பாதத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பாயில் குத்தி நின்றது. எனக்குச் சர்க்கரை நோய். காலில் சின்னக் காயம்கூடப் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார். "இன்னாமே, ஆடு செய்யறன்னு சொல்லிட்டு கால அறுத்துக்கினு கீற?"

பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை.

ஆட்டுக்குட்டி ஒற்றைக் காதோடுதான் குடிலில் நின்றது. இப்போது மேஜையில் கட்டையை இறுக்கி வைத்துத்தான் செதுக்குகிறேன். போனையும் என் கைகள் தெரியும்படி சாய்த்து வைக்கிறேன். ஆசிரியையின் பாராட்டு குறைந்துவிட்டது, திட்டுதான் அதிகம். திட்டட்டும்.