கூட உட்கார்ந்து எழுந்து போகிற வேலை

மற்ற தொழில்களில் வந்த ஆளே திரும்பத் திரும்ப வந்தால் பெருமை. எங்கள் தொழிலில் வந்த ஆள் திரும்பி வந்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுத்து, அந்த வேலை நிலைக்கும்வரை கூட இருப்பது என் தொழில். ராசிபுரத்திலிருந்து கொல்லிமலைக்கு பஸ் ஏறி வர ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் புடவையும் தோள்பையுமாக இறங்குவதால் மலையில் நான் ‘டீச்சர்’தான்.

யாருக்காவது ஒரு வேலைக்குச் சொல்லிவிட்டு, பிறகு அந்த முதலாளியின் நம்பர் போனில் வந்தால் எடுக்கத் தயங்கியவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

விரலில் கண்

மலையில் ஊராட்சியை ‘நாடு’ என்பார்கள். திருப்புலி நாட்டில் ஒரு மிளகுக் கொட்டகை. காய்ந்த மிளகிலிருந்து காம்பையும் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கையும் பொறுக்கி எடுக்க ஆள் தேவைப்பட்டது. பிறவியிலேயே பார்வை இல்லாத ராசம்மாவை அழைத்துப் போனேன். முதலாளி தயங்கினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “இவங்களுக்கு விரல்லயே கண்ணு இருக்குங்க. நாலு பேர் வேலைய ஒருத்தரே பாத்துருவாங்க” என்று அள்ளிவிட்டேன். வெளியே வந்ததும் ராசம்மா பிடித்துக்கொண்டார். “ஏனுங்க டீச்சர், எதுக்கு அப்படிச் சொன்னீங்க? ஊட்டுல அரிசியில கல்லு பொறுக்குனாலே ரெண்டு கல்லு விட்டுப்போகும் எனக்கு.”

அவர் சொன்னது உண்மைதான். முதல் வாரம் மற்றவர்கள் மூன்று முறம் முடித்தால் ராசம்மா ஒன்று முடித்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல மிளகு வலப்பக்கம், கழிவு இடப்பக்கம் என்று இடத்தை மாறாமல் வைத்தோம். கழிப்பறை வரைக்கும் சுவரோரமாக ஒரு கயிறு கட்டினோம். பத்தாம் நாள் முதலாளி வந்து ராசம்மாவின் குவியலிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். “எல்லாரும் பொறுக்கற மாதிரிதான் பொறுக்குது. போதுமுங்க” என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு கிடைத்ததில்லை.

வேலை நிலைத்துவிட்டது. சந்தோஷத்தில் மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். பெண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ நேரத்தில் ராசம்மா என் கையைத் தேடிப் பிடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “டீச்சர், தப்பா நெனைக்காதீங்க, நீங்க இருந்தா நாங்க ஊர்க்கதை பேச முடியலீங்க.”

சத்தத்துக்கு நடுவே

பைல் நாட்டில் பெண்கள் குழு நடத்தும் சாமை மில். காது கேளாத, பேச்சு வராத பூங்கொடியை அங்கே சேர்த்தேன். முழு ஏற்பாட்டோடு போயிருந்தேன்: படம் வரைந்த அட்டைகள், மிஷின் ஓடுவது கண்ணுக்குத் தெரிய அதில் மாட்டச் சிவப்பு பல்பு, பூங்கொடியோடு எப்படிப் பேசுவது என்று ஒரு சின்னச் சொற்பொழிவு. சொற்பொழிவை ஆரம்பித்தேன், மிஷினையும் ஓட்ட ஆரம்பித்தார்கள். கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண்களோ கையை ஆட்டியே வேலையை நடத்திக்கொண்டிருந்தார்கள். மூட்டையைக் கட்டு, நிறுத்து, தண்ணி கொண்டா, எல்லாம் கைதான். பூங்கொடி கொஞ்ச நேரம் பார்த்தாள். மத்தியானத்துக்குள் அவளே புதிதாக நாலைந்து சைகை சொல்லிக் கொடுத்திருந்தாள். தோளில் பையை ஏற்றிவிட்டு நெற்றியைத் துடைப்பது போல ஒன்று. அது நான்.

மிஷின் நின்றதும் பல்பை எங்கே மாட்டலாம் என்று கேட்டேன். குழுத்தலைவி தனபாக்கியம் முகத்திலிருந்த உமியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “பல்பு மாட்டுங்க, நல்லதுதான், ஆனா மிசின் ஓடறப்ப எங்கள்ல ஆருக்குங்க காது கேக்குது?”

நேத்து மாவு

செல்வராஜுக்கு இருபத்தாறு வயது. எதையும் நிதானமாகத்தான் புரிந்துகொள்வார்; புரிந்துகொண்டதை விடமாட்டார். செம்மேட்டில் மணியக்காவின் மெஸ்ஸில் மேசை துடைக்க, இலை போட, அங்கேயே தங்கும்படி சேர்த்துவிட்டேன். இரண்டு வாரம் நானும் கூடவே துடைத்தேன். கை கழுவுவது, இலை போடுவது, தண்ணீர் வைப்பது என்று வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். பிறகு நான் போவதை நிறுத்தினேன். ஒரு மாதம் போன் இல்லை. நிம்மதியாக இருந்தேன். அப்புறம் மணியக்காவிடமிருந்து வந்தது. “வந்து கூட்டிட்டுப் போயிருங்க டீச்சர்.”

மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறிப் போய் இறங்கினேன். நடந்தது இதுதான். அருவி பார்க்க வந்த ஒரு வேன் நிறைய ஆட்கள் மெஸ்ஸுக்குள் வந்திருக்கிறார்கள். ஒருவர், “தம்பி, இட்லி எப்படி இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார். “நேத்து மாவுங்க. புளிச்சிருச்சு” என்று சொல்லியிருக்கிறார் செல்வராஜ். வேன் மொத்தமும் எழுந்து போய்விட்டது. நான் செல்வராஜைப் பின்பக்கம் அழைத்துப் போய், “யாராவது கேட்டா, சூடா இருக்குன்னு மட்டும் சொல்லணும், சரியா?” என்றேன். “சூடாத்தான் இருக்குது. ஆனா நேத்து மாவு டீச்சர்” என்றார். நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவையும் அதே பதில். கண் கலங்கிவிட்டது, அவருக்கு இல்லை, எனக்கு. பொய் சொல்லப் பழக்குவதற்கா இத்தனை வளைவு ஏறி வந்தேன்? அவரோ, “நாளைக்கும் இலை நான்தான போடணும்?” என்று கேட்டார்.

மணியக்காவிடம் ஒரு வாரம் மட்டும் தவணை கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினார். அடுத்த வாரம், செல்வராஜின் துணிமணியை எடுத்துப்போக ஒரு பையும் வைத்துக்கொண்டுதான் போனேன். மெஸ்ஸில் பஸ் டிரைவர்களும் கண்டக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வேனுக்கு நேர்ந்த கதை அவர்கள் மூலம் மலை முழுக்கப் பரவியிருந்தது. உள்ளே வந்த ஒரு டிரைவர் மணியக்காவைப் பார்க்கவே இல்லை, “செல்வராசு, இன்னிக்கு எதச் சாப்பிடலாம்?” என்று கேட்டார். “இட்லி சாப்பிடுங்க. காத்தால ஊத்துனது” என்று செல்வராஜ் சொன்னார். எல்லா மேசையிலும் இட்லிதான் இருந்தது. பையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு மணியக்காவைப் பார்த்தேன். சட்டியைக் கிளறிக்கொண்டே அவர் சொன்னார்: “அவனைத் திருத்தறதவிட மாவை அளவா ஆட்டறது சுலபமுங்க டீச்சர்.”

ஐந்தாவது தடவை

காளியப்பன் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம் ஏறுகிறவராக இருந்தார். ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மிளகு நாற்றுப் பண்ணையில் கவரில் மண் நிரப்பி, கொடி நடுகிற வேலை இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம் என்று சொல்லப் போனேன். “மரம் ஏறுறவன்கிட்ட வந்து உக்காருன்னு சொல்றீங்களே” என்றார். இரண்டாவது தடவை போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அவர் மனைவி காபி கொடுத்தார்; காபி ஆறுவதற்குள் “போயிட்டு வாங்க” என்றார் காளியப்பன். நாலாவது தடவை, “இனிமே வராதீங்க” என்றார். நான் விட்டுவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்பதே ஆறுதலாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து சோளக்காட்டுச் சந்தையில் அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு” என்றார். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. பண்ணை இருப்பது சரிவில்; அவருடைய சக்கர நாற்காலி எப்படி இறங்கும்? பாதை போட்டுத் தரச் சொல்லி ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் விஷயம் தெரிந்து, ரெண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சரிவை வெட்டிச் சமப்படுத்தி, ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். பழைய கதவு ஒன்றைச் செங்கல்மேல் ஏற்றி மேசையும் போட்டிருந்தார்கள். யாரும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை. மனுவை மடித்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மண் நிரப்பினேன். என் கவரெல்லாம் சாய்ந்து விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டே வந்தார். சாயங்காலம் என் பஸ்ஸுக்கு நேரமானது. எழுந்தேன். மண் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவர் சொன்னார்: “நாலு தடவ வராதீங்கன்னு வெரட்டுனேன், அஞ்சாந்தடவ நீங்க வரலைன்னதும் ரோட்டையே பாத்துட்டு இருந்தனுங்க.”

எத்தனை பேரை வேலையில் நிலைக்க வைத்தீர்கள் என்று ஆபீஸில் மாதாமாதம் படிவம் கொடுத்துக் கேட்கிறார்கள். உங்களை வேலையில் நிலைக்க வைத்தவர்கள் யார் என்று கேட்டிருந்தால் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பியிருப்பேன்.