அவளுக்கு முதலில் வந்த வீடு

பொறாமை எனக்குப் புதிதல்ல. பிறர் கழுத்துச் சங்கிலியையும் அவர்கள் மகன் வாங்கிய மார்க்கையும் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் பூச்சுகூட முடியாத ஒரு செங்கல் சுவரைப் பார்த்து வயிறு எரியும் என்பதைத் தொண்ணூறுகளில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் பதிலி வேலை. நிரந்தர ஆள் யாராவது லீவு போட்டால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கால்வாய் ஓரமாகப் பட்டா கிடைத்த இடத்தில் மண்சுவர் வைத்து ஓலைக் கூரை போட்டுக் குடியிருந்தோம். அடுத்த குடிசையில் அவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் புருஷனுக்கும் பதிலி வேலைதான். மழை வந்தால் இரண்டு குடிசையும் ஒன்றுபோல ஒழுகும். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். பட்டா இருந்தும் கட்ட வழியில்லாதவர்களுக்கு வீடு. செங்கல், சிமெண்ட், கம்பி, கொத்தனார் எல்லாம் அவர்கள் பொறுப்பு, சித்தாள் வேலை நம் பொறுப்பு. எங்கள் வரிசையில் பட்டா வைத்திருந்தது நாங்கள் இரண்டு குடும்பம் மட்டும்தான். இந்த வருஷம் ஒரு வீடு, அடுத்த வருஷம் இன்னொன்று என்றார்கள். ஒரு கண்டிஷனும் போட்டார்கள். முதல் வீட்டு வேலைக்குக் கைகொடுக்காதவர்களுக்கு அடுத்த வீடு கிடையாது, அது வேறு தெருவுக்குப் போய்விடும். யாருக்கு முதலில் என்று முடிவு செய்யப் புதன்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் பெண் பார்க்க வருவதுபோல எனக்குக் கைகால் ஓடவில்லை. தரையைச் சாணி போட்டு மெழுகினேன். ஒழுகும் இடத்தில் எப்போதும் கிடக்கும் அலுமினியச் சட்டியை எடுத்து ஒளித்தேன். கூரை ஓட்டையில் பழைய சாக்கைச் செருகினேன். அவளிடம் போய் இரண்டு மடக்கு நாற்காலியும், எவர்சில்வர் டம்ளர்களும், பூப்போட்ட போர்வையும் கேட்டேன்.

"எடுத்துக்கோங்கக்கா. அவுக எங்க வீட்டுக்கு வாரதுக்கு முன்ன நான் வந்து தூக்கிக்கிடுதேன்" என்றாள்.

வந்தவர் வழுக்கைத் தலைக்காரர், கையில் ஒரு ஃபைல். நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்து, நாலு பக்கமும் பார்த்தார். "வீட்ட நல்லா வச்சிருக்கம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏதோ இருக்கத வச்சி குறையில்லாம ஓட்டுதோம் சார்" என்று சொல்லிவிட்டேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் எழுந்து நேரே அவள் குடிசைக்குள் நுழைந்தார். நாற்காலியைத் தூக்க அவளுக்கு நேரமே இல்லை. அங்கே வெறும் தரை. தண்ணீர் கேட்டவருக்குச் செம்போடு கொடுத்தாள். ஒழுகுமா என்று கேட்டதற்கு, "ஒழுகாம என்ன செய்யும் சார்" என்றாள். பத்தாம் நாள் அவளுக்கு வீடு என்று தகவல் வந்தது.

அவள் திட்டம் போட்டே என்னிடம் சாமான்களைத் தள்ளிவிட்டாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "ஏட்டி, நீதான போயி வாங்கிட்டு வந்த?" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள், ஆற்று மணல் லாரி வந்தது, சுவர் எழும்பியது. வரிசையில் இருந்த எல்லாரும் போய் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். நான் போகவில்லை. அவளே வாசலில் வந்து நின்றாள். "யக்கா, சாயங்காலம் செத்த நேரம் வாரியளா? சுவருக்குத் தண்ணி விட ஆளில்ல."

"இடுப்பு வலிக்கி" என்றேன்.

அவள் ஒருத்தியாகக் கால்வாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். நனைந்த செங்கலின் வாசனை என் அடுப்படி வரை வரும். அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே கதவைச் சாத்திக்கொண்டேன்.

தளம் போடும் நாளில் எல்லாரும் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றினார்கள். என் வீட்டுக்காரரைச் சாமான் வாங்க வேண்டும் என்று அம்பாசமுத்திரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இந்த வீம்பு ஆகாதுட்டி. அடுத்த வீடு நமக்கு வேண்டாமா?" என்று பஸ்ஸில் கேட்டார். வேண்டும்தான். ஆனால் அந்தத் தளம் இறுகாமல் போகட்டும் என்றுதான் அப்போது என் மனதில் ஓடியது.

தளம் நன்றாகவே இறுகியது. ஐப்பசியில் அவள் பால் காய்ச்சிக் குடிபோனாள். அடுத்த வாரம் பெய்த மழையில் என் குடிசையின் பின்சுவர் சரிந்தது. பிள்ளைகளின் புத்தகமெல்லாம் நனைந்து ஊறிப்போனது. அவள் கூப்பிட்டதும் பிள்ளைகள் அவள் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் ஒழுகலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் அந்த வழுக்கைத் தலைக்காரர் மறுபடி வந்தார். அவள் வாசலில் நின்று, என்னை வைத்துக்கொண்டே அவளிடம் கேட்டார். "இந்தம்மா உனக்கு வேலைக்கு வந்தாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். வீடு போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

"வராம என்ன சார்? சுவருக்குத் தண்ணி விட்டது பூரா இந்த அக்காதான்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் எழுதிக்கொண்டு போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். "உன்னய யாரு பொய் சொல்லச் சொன்னா?" என்று சீறினேன்.

"பிள்ளையளு நனையுதுல்லாக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கும் வீடு வந்தது. அதே கொத்தனார், அதே அளவு, அதே பச்சை ஜன்னல். கட்டி முடியும்வரை அவள் தினமும் வந்து சித்தாள் வேலை செய்தாள். இனி அவளைப் பார்த்துப் பொறாமைப்பட என்னிடம் காரணம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அன்று என் வீடு முதலில் வந்து, அவள் வேலைக்கு வராமல் இருந்து, அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டிருந்தால் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.