துண்டுக்காரத் தம்பி

இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டின் மழைக்காலம். மூன்று நாள் விடாது பெய்த மழையில் மருத்துவமனையின் நடைவழியெங்கும் ஈரக் காலடிகள். பதினான்காம் எண் அறைக்குள் எட்டிப் பார்த்த வார்டு சிஸ்டருக்கு முதலில் தென்பட்டவை இரண்டு கைகள். வெந்நீர் நிரம்பிய எவர்சில்வர் குவளை ஒன்றை அவை இறுகப் பற்றியிருந்தன. கைகளுக்கு உரியவன் அன்று காலைதான் வேலையில் சேர்ந்திருந்தான். வயது இருபத்தொன்று. இதயத் துடிப்பைத் தாளில் கோடாக வரைந்தெடுக்கும் ஈ.சி.ஜி. பிரிவுக்குப் புதிய டெக்னீஷியன்.

"என்ன தம்பி, வந்த அன்னிக்கே டீ பார்ட்டியா?"

"டீ இல்ல சிஸ்டர், வெறும் வெந்நீர். கை ஜில்லுனு இருந்தா பேஷண்ட் திடுக்குனு ஆயிடுவாங்க. கோடு ஆடும்."

இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருந்த சிஸ்டர், நோயாளிக்காகத் தன் கையைச் சூடேற்றிக்கொண்ட ஒருவனை அதற்கு முன் கண்டதில்லை. "கோடு ஆடுமாம்ல" என்று அன்று மாலை வரை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை, அந்தக் குவளைக்குப் பொருத்தமான மூடி ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவன் யாரிடமும் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பான். "பட்டனை மட்டும் தளர்த்திக்குங்க. இதைப் போத்திக்கிட்டு மெதுவாப் படுங்க. நான் பேப்பர் மாத்திட்டு வந்துடறேன்" என்று முதுகைத் திருப்பிக்கொள்வான். இயந்திரத்தில் தாள் நிறையவே இருக்கும். இருந்தாலும் அதை வெளியே எடுத்துத் தட்டி, மறுபடியும் உள்ளே வைப்பான். மனத்துக்குள் இருபது எண்ணிய பிறகே திரும்புவான். துண்டைத் தேவையான அளவு மட்டும் விலக்கி, விலா எலும்புகளை விரல் நுனியால் எண்ணி, ஆறு ரப்பர்க் குமிழ்களையும் அதனதன் இடத்தில் பொருத்துவான். கண் குமிழைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. ஓராண்டுக்குள் மருத்துவமனை அவனுக்குத் துண்டுக்காரத் தம்பி என்று பெயர் வைத்துவிட்டது.

லாரி ஓட்டுநர் ஒருவர் ஒருமுறை துண்டைக் கழுத்து வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார். இடப்பக்க மார்பில் ஒரு பெண்ணின் பெயர் பச்சை குத்தியிருந்தது. வெளியே காத்திருந்த மனைவியின் பெயர் வேறு.

"அது எங்க அம்மா பேருன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன், தம்பி" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"நாலாவது குமிழ் அதுக்குக் கீழதாண்ணே வரும். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது."

ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் உடம்பு தளர்ந்தது. கோடு ஆடாமல் வந்தது.

தன் கோடுகளைப் பற்றி அவனுக்கு அடங்காத கர்வம் உண்டு. அறையில் ஒரு பதிவேடு உண்டு. கோடு ஆடியிருந்தாலோ வயர் இடம் மாறியிருந்தாலோ இதய மருத்துவர் 'மீண்டும் எடுக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். எடுத்தவர் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் அதைக் குறிக்க வேண்டும். ஆறு ஆண்டுகளில் துண்டுக்காரத் தம்பியின் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அவன் விடுப்பில் போகும் நாள்களில் ஆபத்துக்குப் பாவமில்லை என்று எடுத்துவைக்கும் சிஸ்டரின் பெயருக்கு நேரேயோ, அந்தக் கட்டம் எறும்பு மொய்த்ததுபோல் நிறைந்திருக்கும்.

"நீங்க எடுத்தா பேஷண்ட்டுக்கு முன்னாடி மெஷினுக்கு நெஞ்சு வலி வந்துடும் சிஸ்டர்."

"போடா, பெரிய இவன்."

இத்தனை பேரைப் பொத்தான்களைத் தளர்த்தச் சொன்னவன், தன் சட்டையின் மேல்பொத்தானை ஒருநாளும் தளர்த்தியதில்லை. மின்விசிறி நின்றுபோன கோடைப் பகலிலும் வெள்ளை மேலங்கி கழுத்து வரை பூட்டியிருக்கும். அதன் பையில் இரண்டு பேனா, ஒரு குறிப்பேடு, நான்காக மடித்த கைக்குட்டை. அத்தனையும் இடப்பக்கம் கனத்து, துணியை உடம்பிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. வலப்பக்கத்துக்கு அந்தப் பதிவேடு, குழந்தையைத் தூக்கிக்கொள்வதுபோல் அதை அணைத்துக்கொண்டே நடப்பான். உள்ளே இரண்டு அளவு சிறியதான பனியன். ஓடிப் பிடிக்க வேண்டிய பேருந்தில் அவன் ஏறியதே இல்லை. அடுத்த பேருந்துக்கு நிற்பான். மருத்துவமனை நண்பர்கள் கடற்கரைக்குப் போனால், கேட்கும் முன்பே எல்லாருடைய செருப்புக்கும் கைப்பேசிக்கும் காவலாக உட்கார்ந்துவிடுவான். தோள்கள் முன்னால் வளைந்தே இருந்து அந்த வளைவே அவனுடைய உருவம் ஆகிவிட்டது.

பதின்மூன்று வயதில் அவனுக்கு மார்பு வளரத் தொடங்கியது. வகுப்பில் ஒருவன் "அத்தை" என்று அழைத்தான். வாரம் திரும்புவதற்குள் பள்ளி முழுவதும் அவனுக்கு மருமகன்கள். அம்மா ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் நிற்பவர். எந்த உடம்புக்கும் ஒரு துணி இருக்கிறது என்று நம்புகிறவர். "கொழுப்புதாண்டா. ஓடினா கரைஞ்சுடும்" என்று கட்டம் போட்ட தளர்ந்த சட்டைகளாகப் பார்த்து வாங்கிவந்தார். அவனும் விடியலில் ஆளில்லாத தெருவில் ஓடினான். இரண்டு ஆண்டில் தொப்பை கரைந்தது, கன்னம் ஒட்டியது, இடுப்புப் பட்டையில் மூன்று புதிய துளைகள் விழுந்தன. மார்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

கொழுப்பு அன்று, அது சுரப்பித் திசு என்று அவனுக்குச் சொன்னவர் அதே மருத்துவமனையின் அறுவை சிகிச்சை மருத்துவர். நடுத்தர வயதுப் பெண்மணி. வேலையில் சேர்ந்த பிறகும் அவரிடம் போவதற்கு அவனுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. அவர் அறை பதினான்காம் எண் அறைக்கு நேர் மேலேதான் இருந்தது. இரத்தப் பரிசோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. "வளர்ற வயசுல நிறையப் பசங்களுக்கு வரும், பெரும்பாலும் தானாப் போயிடும். சிலருக்குத் தங்கிடும். இதனால உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல. எடுக்கணும்னு கட்டாயமும் இல்ல. உனக்கு இடைஞ்சலா இருந்தா எடுத்துடலாம். யோசிச்சுச் சொல்லு" என்றார். சட்டையின் மேலேயே விரலால் அழுத்திப் பார்த்தவர், அன்று அதைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை அவனுக்குப் பிடித்துவிட்டது.

வீட்டில் சொன்னான். அம்மா, "நல்லா இருக்கிற உடம்புல கத்தி படணுமாடா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்பா பேருந்துப் பணிமனையில் சக்கரம் மாற்றுபவர். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார். "ஆம்பளப் பையன் வீட்டுக்குள்ள எதுக்குடா சட்டையோட சுத்துற" என்பது பதினான்கு ஆண்டுகளாக அவர் பாடிவந்த பல்லவி. மறுநாள் காலை பார்த்தால், மேசை முன்னால் முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கயாவது போறீங்களாப்பா?"

"இல்லடா. சும்மாதான்."

அதன் பிறகு அப்பா வீட்டில் சட்டையைக் கழற்றவே இல்லை. வேர்த்து ஒழுகினாலும் கழற்றவில்லை. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன், அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்டு வாங்கினான். வெள்ளிக்கிழமை என்று குறித்துக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் தேவையான பரிசோதனைப் பட்டியலில் ஐந்தாவதாக ஈ.சி.ஜி. என்று இருந்தது.

மயக்க மருந்து கொடுத்த பிறகு யார் பார்த்தால் என்ன என்று அவன் தன்னைத் தேற்றி வைத்திருந்தான். விழித்திருக்கும்போது ஒருவர் முன்னால் சட்டையில்லாமல் படுப்பதுதான் அவனால் எண்ணிப் பார்க்க முடியாததாக இருந்தது. ஆகவே செவ்வாய்க்கிழமை உணவு இடைவேளையில் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, தனக்குத் தானே வயர்களை மாட்டிக்கொண்டான். காலுக்கு இரண்டு, மார்புக்கு ஆறு, கைக்கு இரண்டு. படுத்துப் பொத்தானை அழுத்தினான். தாள் வெளியே வந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். அவசர அவசரமாகப் பனியனையும் சட்டையையும் மேலங்கியையும் மாட்டிக்கொண்டு, தாளைப் பார்க்காமலே மடித்து மற்ற நோயாளிகளின் தாள்களோடு சேர்த்துவிட்டான். ஆறு ஆண்டுகளில் பார்க்காமல் மடித்த முதல் தாள் அது.

மாலை நான்கு மணிக்கு இதய மருத்துவர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாருய்யா இந்த ஆளு? ஒண்ணு, இவருக்கு இதயம் வலது பக்கம் இருக்கணும். இல்ல, ரெண்டு கை வயரும் மாறியிருக்கணும். நெஞ்சு வயர் ஆறும் ஒழுங்கா இருக்கு. அப்ப கைதான். யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"நீயா? பேஷண்ட் யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

சிவப்புக் கிளிப் வலக்கைக்கு, மஞ்சள் இடக்கைக்கு. எதிரே நின்று எடுப்பவனுக்கு நோயாளியின் வலக்கை தன் இடப்பக்கத்தில் இருக்கும். ஆறு ஆண்டுப் பழக்கத்தில் அவனுடைய சிவப்புக் கிளிப் நேராகத் தன் இடப்பக்கத்துக்கே போயிருக்கிறது. ஆயிரக்கணக்கான பேருக்குத் தவறாத கை, தனக்கென்று வரும்போது தவறிவிட்டது.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. உனக்கு நெஞ்சே தெரியல போல. ஏம்ப்பா, இந்த ஆஸ்பத்திரியில வேற கையே இல்லையா?"

"இருக்கு சார்."

'மீண்டும் எடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். அவன் பதினான்காம் எண் அறைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தான். மறைத்திருக்கலாம், கேட்பார் இல்லை. நோயாளியின் கட்டத்தில் தன் பெயர், எடுத்தவரின் கட்டத்தில் தன் பெயர், கடைசிக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கு ஏன் இவ்வளவு அழுத்தினான் என்று தெரியவில்லை, மறுபக்கத்திலும் தடம் விழுந்தது. பிறகு சிஸ்டரைத் தேடிப் போனான்.

சிஸ்டர் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவனுடைய அறுவை சிகிச்சை பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தான்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார் சிஸ்டர்.

"பதிமூணு வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. அதுக்காக எடுக்கல. எனக்கு ஓடிப்போய் பஸ் ஏறணும் சிஸ்டர். ரெண்டு கையையும் வீசி."

"சரி, ஏறு. அதுக்கு என்கிட்ட ஏன் வந்தே? நான் எடுத்தா மெஷினுக்கு நெஞ்சு வலி வரும்னு சொன்னவன் நீதானே?"

"ஆமா. ஆனா ஆறு வருஷத்துல நீங்க ஒருதடவகூட ஏன் பட்டனை இப்படிப் போட்டுக்கிறேன்னு கேட்கல."

சிஸ்டர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார். "ஊர்ல உள்ள நெஞ்சையெல்லாம் பாத்தாச்சு. உன் நெஞ்சு மட்டும் என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு? நட."

அறைக்குள் போனதும் சிஸ்டர் திரையை இழுத்துவிட்டார். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "பேப்பர் மாத்தறேன்" என்று இயந்திரத்தின் பக்கம் திரும்பி, நிறைய இருந்த தாளை வெளியே எடுத்துத் தட்டினார். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு பொத்தானாகக் கழலும் ஓசை. அவர் இருபது எண்ணினார். போதாது என்று தோன்றவே, இன்னொரு இருபதும் எண்ணினார். பிறகு மூடி போட்ட குவளையைத் திறந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் பற்றிக்கொண்டார். அவன் கட்டிலில் துண்டைக் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தான். படுத்த நிலையிலும் தோள்கள் இரண்டும் முன்னால் குவிந்து மெத்தையைத் தொடாமல் நின்றன.

"சிவப்பு வலது கை" என்றார் சிஸ்டர், அவனுடைய வலக்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி.

"சரியா சொன்னீங்க. என்னை விடப் பரவாயில்ல."

கையும் காலும் முடிந்தன. துண்டின் ஓரத்தை விலக்கி மூன்று குமிழ்களைப் பொருத்தினார். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். எங்கே வைப்பது என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. கேட்காமல் வைத்தால் கோடு தவறும். தெரியாததுபோல் மேலேயே வைத்துவிடலாம் என்று குமிழை அழுத்தினார்.

"அங்க இல்ல சிஸ்டர்."

அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னான்: "சதை மேல வச்சா கோடு சின்னதா விழும். புறங்கையால லேசாத் தூக்கி, அடி மடிப்புல வைக்கணும். பொம்பளைங்களுக்கு வைக்கிற மாதிரி. அப்பதான் சரியா வரும்."

சிஸ்டர் குனிந்தார். திரை போட்ட அறையில் மாலை வெளிச்சம் மங்கியிருந்தது. விலா எலும்பை எண்ணிய அவர் விரல் வழி தெரியாமல் நின்றது.

"துண்டை முழுசா எடுத்துடுங்க" என்றான் அவன். "அந்த ஜன்னல் திரையையும் கொஞ்சம் விலக்குங்க சிஸ்டர், வெளிச்சம் பத்தல."

சிஸ்டர் திரையை விலக்கிவிட்டுத் திரும்பியபோது, அவனுடைய இரண்டு தோள்களும் மெத்தைமேல் படிந்திருந்தன.