மூடிய ஷட்டரைப் பார்த்து நின்றவர்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. தைத்து வரும் பீஸை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, எண்ணெய்க் கறையா, ஊசி ஓட்டையா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நல்ல பீஸ் என்று நம்பிக் கையில் எடுத்தால் வேலை கெட்டுவிடும். இந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர எனக்குத் தெரியவில்லை. வீட்டிலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒருவர் இருந்தார், என் வீட்டுக்காரர்.

ஒரு காலத்தில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கிப் போட்டு மிஷினை ஓட்டினால் நூல் பிசகாது. பிறகு முடக்குவாதம் வந்து விரல்களையெல்லாம் ஒரு பக்கமாகத் திருகிவிட்டது. அப்புறம் பக்கத்துத் தெருக் கம்பெனி ஒன்றில் பட்டன், லேபிள் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் வேலை. காலையில் எழுந்தால் விரலை மடக்க ஒரு மணி நேரம் ஆகும். சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுவேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து, நான் சொல்லப்போகும் வருடத்தில், அந்த வலி தானாகவே அடங்கிவிட்டது. வீக்கம் வற்றியது. காலையில் டீ டம்ளரை அவரே பிடித்தார். மாத்திரை எதற்கு இனி என்று நிறுத்திவிட்டார், நானும் சரியென்றேன். அவிநாசி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். கடவுளையாவது சந்தேகப்பட்டிருக்கலாம், அன்றைக்குப் பார்த்து நம்பித் தொலைத்தேன்.

முதலில் கண்ணில் பட்டது அவர் நகத்தோரம். ஊசி முனையால் தொட்டு வைத்த மாதிரி கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள், நாலைந்து விரல்களில். கேட்டால், “மிஷின் எண்ணெயா இருக்கும் புள்ள” என்றார். ஸ்டோரில் இருப்பவருக்கு மிஷின் எண்ணெய் எங்கிருந்து வந்தது? சாயமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரியாமல் சாயப்பட்டறையில் ஓவர்டைம் பார்க்கிறார், அந்தக் காசு எதற்கோ போகிறது. துணியில் கறை எடுக்கிற மருந்தைக் கம்பெனியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து, அவர் கையைப் பிடித்து வைத்துத் தேய்த்தேன். எத்தனையோ பீஸில் கறை எடுத்த கை இது. தோல் சிவந்ததே தவிர, ஒரு புள்ளியும் போகவில்லை. எரிகிறது என்று அவர் கையை உதறிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படி உதறும் என்று அதையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது செருப்பு. இரண்டு தடவை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வலது கால் செருப்பு வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. நடந்தால் அந்தக் காலின் முன்பக்கம் தரையில் சரக் சரக்கென்று இழுபட்டது. எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரி சிவகங்கைப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் டெய்லர். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீக. அண்ணன் காலை இழுத்து இழுத்து வர்றாக. எங்க வீட்டு ஆளும் ஆரம்பத்துல செருப்பைத்தான் தொலைச்சாக.”

அவள் வீட்டு ஆள் எதைக் குடித்து எங்கே விழுந்து கிடப்பார் என்பது அந்த லைனுக்கே தெரியும். அன்றிலிருந்து அவர் உள்ளே நுழைந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு முகத்துக்குக் கிட்டே போய் மோந்து பார்ப்பேன். பீடி நாற்றம் அடித்தது, அது பழைய பழக்கம். வேறொன்றும் அடிக்கவில்லை. வாசனையே தெரியாத சரக்காய்ப் பார்த்துக் குடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, குடிக்கவில்லை என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

“குடிச்சிருக்கறீங்களா?”

“உனக்கென்ன கிறுக்கா புள்ள?”

“அப்பறம் காலு ஏனுங்க இழுக்குது?”

“மரத்த மாதிரி இருக்குது. சரியாப் போயிரும்.”

அந்த வாரத்தில் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட ஆரம்பித்தார். கொசு கடிக்கிறதாம். திருப்பூர்க் கொசுவுக்குச் சாக்ஸ் போட்ட மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை. இன்றைக்குக் கையும் களவுமாய்ப் பிடித்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

“முடி வெட்டிட்டு வர்றன்” என்று கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை இருந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நானும் இறங்கினேன். கட்டின புருசனைத் திருடனைப் போலப் பின்தொடர்கிறோமே என்று கொஞ்சமும் கூச்சமாக இல்லை. ஒயின் ஷாப் அந்த வழியில்தான் இருந்தது.

ஐம்பது அடி போயிருப்பார். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை முன்னால் நின்று உள்ளே பார்த்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். நகர்ந்து கொஞ்ச தூரம் போய் ஒரு சைக்கிள் கடை முன்னால் நின்றார். யாருக்காகவோ காத்திருக்கிறார், கூட்டாளி வருவான் என்று எனக்குக் கை பரபரத்தது. யாரும் வரவில்லை. மறுபடி நடந்தார். ஒயின் ஷாப் வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போய், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் நின்றார். இறக்கிவிட்ட ஷட்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வலது கை மார்பின் நடுவில் இருந்தது. அப்புறம் மெதுவாகப் போய், சொன்னபடியே சலூனுக்குள் நுழைந்தார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன். நடுரோட்டில் நின்றுகொண்டு, அவர் குடிக்கவில்லையே என்று ஏமாந்து போனேன். பாதி வழி திரும்பிய பிறகுதான் அந்த ஷட்டர் மனதில் உறுத்தியது. மூடின ஷட்டரில் என்ன இருக்கிறது பார்க்க?

அவர் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். நானே உருவினேன். கணுக்காலுக்கு மேலே ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு புண். ஓரமெல்லாம் கறுத்து, உள்ளே குழிந்திருந்தது. சீழ் வைத்த புண்ணை நான் பார்த்திருக்கிறேன், இது அந்த மாதிரி இல்லை.

மறுநாள் காலையில், முன்பு மூட்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே அழைத்துப் போனேன். டாக்டர் இவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் கையை வாங்கி நகத்தோரத்தைப் பார்த்தார். என்னைப் போலத் தேய்க்கவில்லை. முகம் மாறிவிட்டது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், தூக்க முடியவில்லை. “நெஞ்சுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாம்” என்றார்.

காலில் புண் என்று வந்தால் நெஞ்சுக்குப் படமா? எதிரே இருக்கிற லேபில் இந்த டாக்டருக்குக் கமிஷன் போலிருக்கிறது என்றுதான் என் புத்தி ஓடியது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டேன்.

“நடக்கும்போது நெஞ்சு வலிக்குதா? அடைக்கிற மாதிரி இருக்கா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லீங்க” என்றார் இவர். பட்டென்று, என்னைப் பார்க்காமல்.

அந்த ‘இல்லீங்க’ பொய் என்று எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அதைச் சொன்னால், நான் எங்கிருந்து பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறுகிறது.

“பொய்யுங்க டாக்டர். ஐம்பதடிக்கு ஒருக்கா நிக்கறாருங்க. நெஞ்சப் புடிச்சுட்டு, பூட்டுன கடை முன்னால நின்னாருங்க. நான் பின்னாலயே போய்ப் பாத்தனுங்க.”

இவர் தலை குனிந்துகொண்டார். டாக்டர் உடனே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பினார். படம் எடுத்த பத்தாவது நிமிடம் கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டார்.

அங்கே இருந்த டாக்டரம்மாதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முடக்குவாதம் மூட்டோடு நிற்கிற வியாதி இல்லையாம். வெகுநாள் இருந்தவர்களில் யாரோ ஒருவருக்கு, மூட்டு வலி அடங்கின பிறகு, ரத்தக்குழாய்களையே அது புண்ணாக்குமாம். நகத்தோரப் புள்ளி, கால் புண், செருப்பு கழன்றது தெரியாத பாதம் எல்லாம் ரத்தம் போய்ச் சேராததால் வந்தவை. முடக்குவாதக்காரர்களுக்கு இதயக்குழாய் அடைப்பும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருமாம். இவருக்கு இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்துக் கிடந்தது. பீடி வேறு. “வியாதி போயிடுச்சுன்னு நினைச்சு மாத்திரையை நிறுத்திட்டீங்க” என்றார். வலி போனதற்கு நான் தேங்காய் உடைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

அடைப்பை எடுத்தார்கள். ரத்தக்குழாய்ப் புண்ணுக்கு டிரிப்பில் மருந்து ஏறியது. மூன்றாம் நாள் கொஞ்சம் தெம்பாகப் பேசினார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“பன்னண்டு வருசம் சீக்காளியாவே இருந்தாச்சு. இந்த ஒரு வருசந்தான் நல்லா இருந்தன். அதைக் கெடுத்துக்க மனசு வல்லை.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “அன்னைக்கு நீ பின்னால வந்தது எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்படிங்க?” என்றேன்.

“கண்ணாடிக் கடையிலயே தெரிஞ்சுது, முக்காடு போட்டுட்டு நின்னயே. திரும்பிப் பாத்தா நீ ஊட்டுக்குப் போயிருவன்னு பாக்கலை. உழுந்துருவனோன்னு பயமா இருந்துச்சு. பின்னால நீ இருக்கறன்னுதான் சலூன் வரைக்கும் நடந்தன்.”

“நான் எதுக்கு வந்தன்னு தெரியுமுங்களா?”

“தெரியும். குடிக்கறனான்னு பாக்க.”

நான் அழுதுகொண்டே, “தெரிஞ்சுமா?” என்றேன்.

“எதுக்கு வந்தா என்ன புள்ள, வந்தயல்ல” என்றார்.