சித்தியின் சிவப்புத் தலைமுடி

மற்ற பிள்ளைகள் பேய்க்கும் பல்லிக்கும் பயந்த வயதில் நான் குளியலறை ஓட்டைக்குப் பயந்தேன். சித்தி தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்ததும் உள்ளே ஓடிப்போய்க் குந்திக்கொண்டு, மிச்சத் தண்ணீர் என்ன நிறத்தில் இறங்குகிறது என்று பார்ப்பேன். வெள்ளை நுரையாகப் போனால் மூச்சு திரும்பி வரும். இளஞ்சிவப்பாகப் போனால் இன்னும் இரண்டு குவளை ஊற்றி அதை விரட்டிவிடுவேன். சித்தியின் தலையில் இருந்த சிவப்புச் சாயம் போய்விட்டால் சித்தப்பா அவளைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவார். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த உலக நடப்பு அவ்வளவுதான்.

சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்தாள். சித்தப்பாவுக்கு அங்கேயே மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை. நாங்கள் இக்கரையில் ஜார்ஜ்டவுனில், கடலோரத்து பிளாட் ஒன்றின் மேல்மாடியில் இருந்தோம். வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றால் ஃபெரி வருவதும் போவதும் தெரியும். ஒரு மழை நாளில் நான் பள்ளி விட்டு வந்தபோது சித்தி என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரே ஒரு பை. வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இடது கையால் தேத்தண்ணீர் குடித்தாள். ஏன் அப்படிக் குடிக்கிறாள் என்று கேட்டேன். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“யார் கேட்டாலும் சித்தி இங்க இல்லன்னு சொல்லணும். வாசல் கிரில்லைத் திறக்கக் கூடாது. சித்தப்பா பேச்சையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. விளங்குச்சா?”

விளங்கவில்லை. ஆனால் பயம் மட்டும் நன்றாக விளங்கிவிட்டது. அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் தெற்கே போய்விடுவார். அவர் இல்லாத நாட்களில் கீழே மோட்டார் சைக்கிள் உறுமினால்கூட நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். சித்தி துணி காயப்போடக்கூட நடைபாதைக்கு வரமாட்டாள். எனக்கு ஃபெரியைப் பார்த்தாலே ஆகாமல் போயிற்று. ஒவ்வொரு ஃபெரியிலும் சித்தப்பா ஒருவர் ஏறி வருவதாகவே எண்ணிக்கொள்வேன்.

அப்படியே எத்தனை நாள் முடங்கிக் கிடப்பாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனாள். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது இடுப்பு வரை தொங்கிய கறுப்பு முடி தோளோடு நின்றுவிட்டிருந்தது. அதுவும் நல்ல சிவப்பில். மங்குஸ்தீன் தோலைத் தண்ணீரில் போட்டால் வருமே, அந்தச் சிவப்பு. அம்மா கிரில்லைத் திறக்க மறந்து கம்பிக்குப் பின்னாலேயே நின்றாள்.

“அடையாளமே தெரியலடி. அவனே எதிர்ல வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்.”

அம்மா அதிசயத்தில் சொன்னதை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். ஆகா, இதல்லவா யோசனை! பெரியவர்கள் கடைசியில் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தது பொடுகு. சித்திக்கு முன்பே கொஞ்சம் உண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அது கட்டுக்கடங்காமல் போயிற்று. தலையைச் சொறிந்தபடியே இருப்பாள். கறுப்புச் சட்டை போட்டால் தோளில் தேங்காய்ப்பூ உதிர்ந்த மாதிரி கிடக்கும். அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் இறக்கினாள். தயிர், ஊறவைத்து அரைத்த வெந்தயம், கடைசியில் எலுமிச்சைச் சாறு. எலுமிச்சை ஊற்றிய இடத்தில் முடி வெளிறி ஆரஞ்சாகிவிட்டது. பிறகு அப்பாவின் பொடுகு ஷாம்புவைப் போட்டார்கள். கார் கழுவுகிற சோப்புக்கு அண்ணன் முறை அது. அன்றுதான் நான் முதன்முதலாக அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். குளியலறைத் தரை முழுக்கச் சிவப்பு. சித்தி தலையைத் துவட்டிய வெள்ளைத் துண்டிலும் சிவப்பு.

“சித்தி, இனிமே தலைக்குக் குளிக்காதீங்க,” என்றேன்.

“ஏன்டி, நாறிக் கிடக்கவா?”

“கலர் போயிடும்.”

சித்தி சிரித்தாள். அம்மாவிடம், பிள்ளைக்கு இந்தக் கலர் மேல் என்ன ஆசை பார் என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா பேச்சை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதை எடுக்காமல் கலர் ஏன் போகக் கூடாது என்று எப்படிச் சொல்வது? அந்தத் துண்டை எடுத்து அழுக்குக் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். துண்டைப் பார்த்து சித்தப்பா கண்டுபிடிக்கப் போகிறாரா என்ன? பயந்தவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

சொறிந்து சொறிந்து ஓரிடத்தில் ரத்தம் வந்த பிறகு, சூலியா தெருப் பக்கம் இருந்த மருந்துக் கடைக்கு மூன்று பேரும் போனோம். சித்தி தொப்பி போட்டிருந்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் முறைத்தபடி நடந்தேன். ஹெல்மெட் போட்டவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிந்தார்கள். கடையில் முக்காடு போட்ட ஒரு மருந்தாளர் அக்கா இருந்தார். தொப்பியைக் கழற்றச் சொல்லி, முடியை விலக்கிப் பார்த்தார்.

“எலுமிச்ச ஊத்தினீங்களா?”

அம்மா அலமாரியில் இருந்த பால்மாவு டின்களைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

“தூக்கம் சரியா இருக்கா தங்கச்சி?”

சித்தி தொப்பியைக் கையில் சுருட்டினாள். வேறொன்று சொன்னாள். அதைக் கேட்டு நான் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

“பொடுகு மெதுவாப் போனாலும் பரவால்லக்கா. கலர் மட்டும் போகக் கூடாது.”

அப்படியானால் சித்திக்கும் தெரியும்! எனக்கு மட்டும்தான் இந்தக் கவலை என்று இருந்தேன். இப்போது இரண்டு பேர். பயம் குறையவில்லை, ஆனால் துணை கிடைத்துவிட்டது. மருந்தாளர் அக்கா சொன்னதைப் பள்ளிப் பாடத்தைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

“மருந்து முடிக்கு இல்ல, தோலுக்குத்தான். முதல்ல முடி நீளத்துக்கு கண்டிஷனர் பூசி மூடிருங்க. அப்புறம் வகிடு வகிடா எடுத்து, இந்த ஷாம்புவைத் தோல்ல மட்டும் தடவுங்க. கொஞ்ச நேரம் ஊறட்டும். பச்சத் தண்ணியில அலசுங்க, சுடுதண்ணி ஊத்தினா கலர் ஓடிரும் லா. வாரத்துக்கு ரெண்டு தடவ போதும். கந்தகம் போட்டது, தார் போட்டது எல்லாம் இந்தத் தலைக்கு ஆகாது.”

அன்றிலிருந்து வகிடு எடுக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சித்தி குளியலறைப் பலகையில் உட்காருவாள். நான் பின்னால் நின்று சீப்பின் வாலால் கோடு கோடாகப் பிரித்து, விரல் நுனியில் மருந்தைத் தொட்டு வைப்பேன். ஒரு சொட்டு முடியில் பட்டுவிட்டால் உடனே துடைத்துவிடுவேன். சித்திக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது, உடம்பு நடுங்கும். ஆனாலும் ஹீட்டரைப் போடச் சொல்லமாட்டாள்.

அப்படி ஒரு நாள் பிரித்தபோது, காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு தெரிந்தது. என் சுண்டுவிரல் நீளம். தொட்டால் வழுவழுவென்று இருந்தது.

“இது என்ன சித்தி?”

“சின்ன வயசுல விழுந்துட்டேன்.”

வாசலில் துண்டோடு நின்ற அம்மா என்னைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், துண்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். சின்ன வயதில் சித்தி விழுந்திருந்தால் கூடவே வளர்ந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காதா என்று நான் யோசித்திருக்கலாம். என் யோசனை வேறு பக்கம் ஓடியது. அடையாள அட்டை எடுக்கும்போது மச்சத்தையும் தழும்பையும் பார்ப்பார்கள் என்று பள்ளியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். கலர் நின்றாலும் இந்தக் கோட்டை வைத்து சித்தப்பா கண்டுபிடித்துவிட்டால்? அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் தலை காய்ந்ததும் அந்த இடத்தை மறைத்து முடியை இழுத்துச் சீவிவிட்டேன். சித்தி அதை மறுபடியும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

பொடுகு மெல்ல மெல்லக் குறைந்தது. தண்ணீரும் வெள்ளையாகவே போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்க ஆரம்பித்த நேரத்தில் சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உறவுக்காரர் யாரோ சொல்லிவிட்டார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்மாவின் போனுக்கு அவர் கூப்பிட்டார். அம்மா நடைபாதைக்குப் போய்ப் பேசிவிட்டு, முகமெல்லாம் வெளுத்து உள்ளே வந்தாள்.

“நாளைக்கு வர்றானாம்.”

“வரட்டும்,” என்றாள் சித்தி. “வீட்டுக்கு வேணாம். கீழ, ஆளுங்க இருக்கிற இடத்துல நிக்கச் சொல்லுங்க. நானே இறங்கி வர்றேன்.”

என் காதில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இறங்கிப் போவதா? அப்பாவும் ஊரில் இல்லை. அம்மா கீழே போய் எங்கள் பிளாட்டின் ஜாகாவிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள். காவலுக்கு இருக்கிற மலாய்க்காரப் பெரியவர் அவர். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சித்தி என்னை எழுப்பி, தலைக்கு மருந்து வைக்க வா என்றாள். அது மருந்து வைக்கிற நாளே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். கண்டிஷனரை வேரோரம் மட்டும் விட்டு நுனி வரை பூசினேன். வகிடு எடுத்தேன். பச்சைத் தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றி அலசினேன்.  ஓட்டையில் போன தண்ணீரைப் பார்த்தேன். வெள்ளைதான்.

சித்தி முடியைக் காற்றாடிக்குக் கீழே நின்று காயவைத்து விரித்துவிட்டாள். கறுப்புச் சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“தோள்ல ஏதாச்சும் கிடக்குதா?”

“இல்ல.”

காதோரத்து முடியை நான் எக்கி இழுத்துவிட்டேன். அவள் அதை ஒதுக்கிக்கொண்டாள். அம்மாவும் அவளும் லிப்டில் இறங்கினார்கள். என்னை உள்ளே வைத்துக் கிரில்லைப் பூட்டிவிட்டுப் போனார்கள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, சமையலறைச் சன்னலின் கம்பி வழியாகக் கீழே பார்த்தேன். வாயில் என்னென்னவோ சாமி பெயரெல்லாம் வந்தது.

சித்தப்பா தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிளாட்டின் அடித்தளத்துச் சாப்பாட்டுக் கடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜாகா எதற்கோ அவர் பக்கத்திலேயே விளக்குமாற்றோடு நின்றார். அம்மா நிழலிலேயே நின்றுவிட்டாள். சித்தி மட்டும் வெயிலுக்குள் நடந்து போனாள். நிழலிலேயே நில்லேன், பாவி மனுஷி! வெயிலில் அவள் தலை எரிகிற சிவப்பாக இருந்தது. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தாலும் வேறு எதுவும் கண்ணில் படாது.

சித்தி ஏதோ சொன்னாள். சித்தப்பா அவள் தலையையே பார்த்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கினார். ஜாகா விளக்குமாற்றோடு ஓர் எட்டு முன்னால் வந்தார். கடையில் இரண்டு மூன்று பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். சித்தி நகரவில்லை. சித்தப்பாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. வெயில் கண்ணைக் கூசுகிறது, அதனால்தான் கையைத் தூக்கி மறைத்துப் பார்க்கிறார், அப்படியும் ஆள் தெரியவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். நான் நாற்காலியிலிருந்து குதித்தேன்.

சித்தி மேலே வந்ததும் கிரில்லுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய் அவள் காதில் ரகசியமாகச் சொன்னேன்.

“பாத்தீங்களா சித்தி, அவருக்கு அடையாளமே தெரியல.”

சித்தி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஜெயித்த பிறகு எதற்கு அழுகிறார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. சித்தி இப்போது எங்கள் பக்கத்து பிளாட்டில் தனியாக இருக்கிறாள். அவளுக்குச் சாயமும் நான்தான் போட்டுவிடுகிறேன், அதே சிவப்பு. போன மாதம் வகிடு எடுக்கும்போது அந்தக் கோடு விரலில் பட்டது. எத்தனையோ தடவை தொட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் மறுபடியும் கேட்கத் தோன்றியது. சின்ன வயசுல விழுந்ததா சித்தி என்றேன்.

“இல்லடி. கல்யாணமான புதுசுல, முன்னால ஒரு கொத்து முடிக்கு மட்டும் கலர் பண்ணிட்டு வந்தேன். இதே கலர். அன்னிக்குக் கெடச்சது.”

கையில் இருந்த சீப்பை நான் கீழே வைத்துவிட்டேன். சித்தியும் நானும் அந்த ஒரே தலைக்கு அத்தனை நாளும் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். அவர் பார்த்துவிடக் கூடாது என்று நான். அவர் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவள்.