இடப்பக்கமே திரும்பிய லாரி

அவளுக்குத் திசை என்பதே கிடையாது. வழக்கமில்லாத பக்கமாகச் சொந்தத் தெருவுக்குள் நுழைந்தால், தன் வீடு எதுவென்று திருதிருவென விழிப்பாள். கடைக்குக் கிளம்பினால் சற்று நேரத்தில் கணவனுக்கு ஃபோன் வரும். "ஏங்க, நான் இப்ப எங்க இருக்கேன்?" வீட்டில் அவளுக்குத் 'திசைகாட்டி' என்றே பெயர். இப்பேர்ப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: குப்பை லாரிகள் எந்தெந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று வழி போடுவது! கேட்ட அன்று மாமியாருக்குச் சிரித்தே புரையேறிவிட்டது.

வேலையில் அவள் கெட்டிக்காரிதான். கம்ப்யூட்டர் போட்டுத் தந்த வழிகள் தூரத்தில் குறைவு. ஆனால் லாரி அடிக்கடி பெரிய சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. இடைவெளி கிடைக்காமல் வண்டி அங்கங்கே நின்றுவிடும். இவளுக்கோ தொலைந்துபோய்த் தொலைந்துபோய் ஒரு பழக்கம் வந்திருந்தது. எங்கே மாட்டிக்கொண்டாலும் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நடப்பாள்; சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவாள். அதையே கம்ப்யூட்டருக்கும் சொல்லிக்கொடுத்தாள்: சாலையைக் கடக்க வைக்காதே, முடிந்தவரை இடப்பக்கமே திருப்பு. தூரம் கொஞ்சம் கூடியது. நேரம் குறையும் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

மேலாளர் தாடையைத் தடவினார். "ஒரே ஒரு நாள் பாக்கலாம். ஸ்கூல் விடுற மணிக்குள்ள லாரி கடைசித் தெருவ முடிக்கணும். இல்லன்னா பழைய வழிதான்."

அந்த மணிக்காக இவளைவிட ஆவலாக இருந்தவர் லாரி ஓட்டும் அக்கா. பழைய வழியில் வேலை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மகள் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவர் வாசலில் நின்று கூட்டி வந்ததில்லை.

"இன்னிக்கு நானே வர்றேன்னு புள்ளகிட்ட சொல்லிட்டேன்," என்றார், சாவியைத் திருப்பியபடி. "கால வாரிடாதம்மா."

பக்கத்து இருக்கையில் இருந்தவள் வழித்தாளை இன்னொரு முறை விரித்துப் பார்த்தாள்.

காலையெல்லாம் லாரி வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் தொற்றிக்கொண்டு வந்த இருவர் தொட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு விசில் அடிக்க, இடது, மறுபடி இடது. மிச்சம் ஒரே ஒரு தெரு இருக்கும்போது அக்கா பிரேக் போட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரியுது பாரு, அதான் கடைசித் தெரு. வலது பக்கம் ஒடிச்சா வந்துடும். உன் வழில போனா ஊரச் சுத்தணும்."

முன்னால் ஒரு மஞ்சள் வேன் வலப்பக்கம் திரும்ப விளக்கைச் சிமிட்டியபடி நின்றது. மணி அடிக்க அதிக நேரமில்லை.

"இடது பக்கமே போங்கக்கா."

"நல்லாத் தெரியுமா?"

"திசை தெரியாது. இது தெரியும்."

அக்கா இடப்பக்கம் ஒடித்தார். லாரி பாலத்துக்கு அடியில் புகுந்து, மர மில்லைச் சுற்றிக்கொண்டு, எங்கும் நிற்காமல் கடைசித் தெருவுக்கு வந்து சேர்ந்தது. தெருவின் எதிர்முனையில், பெரிய சாலையைக் கடக்க முடியாமல், அந்த மஞ்சள் வேன் இன்னும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. உயரமான இருக்கையிலிருந்து தெருவை ரசிக்க ஆரம்பித்தாள்.

"என்ன அழகான தெரு! அந்த நீலக் கேட்டப் பாருங்கக்கா, எங்க வீட்டு கேட் மாதிரியே இருக்கு. அட, தொட்டியோட நிக்கிறவர்கூட அசப்புல எங்க வீட்டுக்காரர் மாதிரியே..."

தொட்டியோடு நின்றவன் கையை ஆட்டினான். ஜன்னலில் மாமியாரின் தலை தெரிந்தது. அக்கா ஸ்டியரிங்கில் கவிழ்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன திசைகாட்டி, வீட்டக் கண்டுபிடிச்சிட்டியா?" என்றான் கணவன்.

"அவள இங்கயே இறக்கி விட்டுடும்மா," என்று மாமியார் அக்காவிடம் கெஞ்சினார். "அப்புறம் எங்க போய்த் தேடுறது?"

பின்னால் கடைசித் தொட்டி காலியான சத்தம் கேட்டது. அவள் இறங்கவில்லை. "நான் அப்புறம் வர்றேன் அத்தை. முதல்ல ஸ்கூல். அக்கா, கிளப்புங்க!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். "ஸ்கூல் எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"தெரியாது. நீங்களே சொல்லுங்க."

மணி அடித்தபோது லாரி பள்ளி வாசலில் நின்றது. கூட்டிப் போக வந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பெண், பை ஒரு பக்கம் தொங்க, "எங்கம்மா! எங்கம்மா லாரி!" என்று ஊருக்கே கேட்கக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.