சுவர் சொன்ன உயரம்

போன கோடை விடுமுறையில், கோவைக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வாலிபால் ஆடும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிளஸ் டூ வரை ஹாஸ்டலோடு இலவசமாகப் படிக்க வைக்கும் பள்ளி அது. என் மகள் பத்தாவது முடித்திருந்தாள். அவள் எம்பி அடிக்கிறவள் அல்ல. பின்னால் நின்று, தரையைத் தொடப்போகும் பந்தை விழுந்து எடுத்துக் கொடுக்கிற லிபரோ. முழங்கால் இரண்டும் தழும்புதான். ஆனாலும் நூற்றி அறுபது சென்டிமீட்டர் இருந்தால்தான் ஆடவே விடுவார்களாம். தரையோடு வரும் பந்தை எடுக்க உச்சந்தலை எவ்வளவு உயரத்தில் இருந்தால் என்ன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முந்தின நாள் வீட்டில் என் ஸ்டீல் டேப்பால் அளந்தேன். நூற்றி அறுபத்திரண்டு. நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அளவுதான் எனக்குச் சோறு போடுகிறது.

பள்ளியில் சுவரில் ஒட்டிய ஸ்கேலில் வரிசையாக நிறுத்தி அளந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பெண்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். காங்கேயத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த ஒரு அம்மாவும் மகளும் அதில் உண்டு. எங்கள் முறை வந்தது. “நூத்தி அம்பத்தெட்டு” என்றார் கோச்.

வீட்டில் நான் அளந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குறைவு. வகுப்பில் இவள்தான் உயரம். கேலிக்குப் பயந்து கூன் போட்டே நடப்பாள். அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். “ஏங்கண்ணு, இங்க வந்துமா கூன் போடுவே? நேரா நில்லு!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தி, முதுகில் ஓர் அடியும் வைத்தேன்.

“நேராத்தானுங்கப்பா நிக்கறேன்” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மறுபடியும் அதே நூற்றி ஐம்பத்தெட்டு.

“கோ-கோ, வெயிட் லிஃப்டிங்னு ஏதாச்சும் பாருங்க. குட்டையா இருந்தா அதெல்லாம் நல்லா வருமுங்க” என்றார் கோச், தக்காளியைத் தரம் பிரிக்கிறவர் மாதிரி.

அவள் கழற்றிவைத்த செருப்பை எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சுவரோரம் இரண்டு விரல் அகலத்துக்கு டைல்ஸ் பட்டி ஓடுகிறது. ஸ்கேலை அதன் மேல் விளிம்பிலிருந்து தொடங்கி ஒட்டியிருக்கிறார்கள். தரையில் இருக்க வேண்டிய பூஜ்யம் தரையில் இல்லை!

காட்டினேன். “எல்லாத்துக்கும் ஒரே ஸ்கேல்தானுங்களே, உங்க பொண்ணுக்குத் தனியாவா அளந்தோம்?” என்றார். எங்கள் பக்கம் வயிற்றில் அடித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார்கள். நான் விடவில்லை. பழக்கதோஷத்தில் பையில் கிடந்த டேப்பை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து அளக்க வைத்தேன். நூற்றி அறுபத்திரண்டு. “சரி, உள்ள போகட்டுமுங்க” என்றார், ஏதோ சலுகை கொடுப்பதுபோல். திருப்பி அனுப்பியவர்களையும் கூப்பிடுங்கள், விண்ணப்பத்தில் போன் நம்பர் இருக்கிறதே என்று தொண்டை கிழியக் கத்தினேன். “போனவங்க போயிட்டாங்க, விடுங்க” என்று காகிதக் கட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

என் மகள் விசும்பல் அடங்காமலே ஆடப் போனாள். தூக்கத்தில்கூட எடுக்கிற பந்தெல்லாம் அன்றைக்குக் கையில் பட்டுத் தெறித்து ஓடியது. கால்மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். “உயரம் சரிங்க, ஆட்டம் பத்தாது.”

டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: “நான் நேராத்தானுங்கப்பா நின்னேன்.”

அந்தக் கோச் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் தினமும் பட்டறையில் வேலையைத் தொடங்கும் முன், அளக்கிற வெர்னியரை மூடிப் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு அந்தச் சுவரை ஒருமுறை குனிந்து பார்க்காமல் பெற்ற மகளை அடித்தவன் மேல்தான் அதைவிடக் கோபம் வருகிறது.